நல்ல தண்ணிக்கு ஒரு மீன், உப்புத் தண்ணிக்கு ஒரு மீன்

தொட்டி மீன்: கேள்வி - பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை குட்டை சிக்லிட் பற்றியவை, அதாவது சிக்லிட் என்கிற மீன் குடும்பத்தின் சின்ன வகைகள். ராம், அப்பிஸ்டோ, கிரிபென்சிஸ் (சுருக்கமாக கிரிப்) என்று பெயரெல்லாம் சரியாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் வீட்டில் என்ன தண்ணீர் வருகிறது என்று எழுதியவர்கள் இரண்டே பேர். அதைத் தெரிந்துகொள்ளாமல் நான் மீன் சொல்ல முடியாது. இனி எழுதுகிறவர்கள் ஊர்ப் பெயரோடு, ஆற்றுத் தண்ணீரா, போர்வெல் தண்ணீரா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

*அண்ணாச்சி, இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஒன்றேகால் அடி உயரத் தொட்டி வைத்திருக்கிறேன். மாநகராட்சித் தண்ணீர்தான். ஆறு மாதமாக ஓடுகிறது. எட்டு நியான் டெட்ரா, ஆறு ஆண் கப்பி, இரண்டு கோரிடோராஸ் உண்டு. வருகிறவர்கள் நின்று பார்க்கிற மாதிரி ஒரு மீன் வேண்டும். கடையில் எலக்ட்ரிக் புளூ ராம் ஜோடி பார்த்தேன். "எல்லாத்தோடயும் சேரும்" என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?*
– வாசகர், பாளையங்கோட்டை

இப்போதைக்கு வேண்டாம் தம்பி. கடைக்காரர் சொன்னது பொய்யில்லை. ராம் சாதுவான மீன், முட்டை போட்ட நாட்களைத் தவிர யாரையும் பெரிதாக விரட்டாது. மற்ற மீனோடு சேரும். உங்கள் தொட்டித் தண்ணீரோடு சேருமா என்பதை அவரிடம் நீங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ராமின் சொந்த ஊர் தென் அமெரிக்காவில், வெனிசுவேலாவிலும் கொலம்பியாவிலும் ஓரினோகோ ஆறு பாய்கிற புல்வெளிப் பிரதேசம். வெயிலில் காய்கிற ஆழமில்லாத தண்ணீர். சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு, லேசான அமிலத்தன்மை. 28 முதல் 30 டிகிரி வரை இருந்தால்தான் அது தெம்பாக இருக்கும். சூடு விஷயத்தில் நம் ஊர் அதற்குச் சொர்க்கம். சித்திரை, வைகாசியில் பாளையங்கோட்டை வீடுகளில் ஹீட்டர் இல்லாமலே தொட்டி 31 டிகிரிக்குப் போய்விடும். ஆனால் உங்கள் நியான் டெட்ராவுக்கு 25, 26-க்கு மேல் ஆகாது. இரண்டையும் ஒரே தொட்டியில் வைத்தால் ஏதோ ஒன்று எப்போதும் சிரமத்தில் இருக்கும். ராமோடு டெட்ரா வேண்டும் என்றால் அது கார்டினல் அல்லது ரம்மிநோஸ். கோரிடோராஸ் வகையில் ஸ்டெர்பாய் சூடு தாங்கும்.

அடுத்தது அந்த எலக்ட்ரிக் புளூ. அது தனி இனமில்லை, அதே ராமில் நிறத்துக்காகப் பிரித்தெடுத்த ரகம். சாதாரண நீல ராமே நோஞ்சான் உடம்பு. இது இன்னும் கொஞ்சம். ராமின் ஆயுள் இரண்டு, மிஞ்சினால் மூன்று வருடம். முழு வளர்த்தியில் பளபளவென்று நிற்கிற ஜோடி கணிசமான ஆயுளைப் பண்ணையிலேயே கழித்துவிட்டு வந்திருக்கும். சீக்கிரம் நிறம் ஏற ஹார்மோன் கொடுக்கிற பண்ணைகளும் உண்டு. அந்த மீன் வீட்டுக்கு வந்த சில வாரத்தில் வெளுக்கும், முட்டையும் போடாது. நிறம் குறைந்த, சுறுசுறுப்பான, ஒன்றரை இஞ்சுக் குட்டியாகப் பார்த்து எடுப்பதுதான் புத்திசாலித்தனம். ராம் வாங்குகிற நாள் வரும்போது இதை நினைவில் வையுங்கள்.

சரி, இப்போது என்ன வாங்க? என்னைக் கேட்டால் பொலிவியன் ராம். நீல ராமுக்கு உறவுக்காரன். 7, 8 சென்டிமீட்டர் வளரும். சாம்பல் உடம்பு, மார்பில் மஞ்சள், கண்ணை வெட்டிக்கொண்டு ஒரு கறுப்புக் கோடு, வால் ஓரத்தில் சிவப்பு. கடையில் குட்டியாக இருக்கும்போது ஒரு அழகும் தெரியாது, அதனால் கடைக்காரர்கள் வாங்கி வைப்பதில்லை. சொல்லி வைத்தால் சென்னை கொளத்தூரிலிருந்து வரவழைத்துத் தருவார்கள். 23 முதல் 28 டிகிரி வரை சரிப்படும். தண்ணீரில் சுண்ணாம்பு நடுத்தரமாக இருந்தாலும் பொறுத்துக்கொள்ளும். எல்லாவற்றையும்விட, ஒற்றை மீனாக வைத்தாலும் ஏங்காது. உங்கள் தொட்டிக்கு ஒன்றே போதும். மணலை வாயில் அள்ளி, சலித்து, செவுள் வழியே கொட்டிக்கொண்டே போகும். வருகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். அதற்காக அடியில் கூர்க்கல் இருக்கக் கூடாது, நைசான மணல் வேண்டும்.

அது கிடைக்கவே இல்லையென்றால் காக்கட்டூ அப்பிஸ்டோ. பெரு நாட்டுப் பக்கத்து மீன். ஆணின் முதுகுச் செட்டையில் முன்பக்கத்து முட்கள் கொண்டை மாதிரி நிமிர்ந்து நிற்கும். அப்பிஸ்டோ வகைகளில் தண்ணீர் விஷயத்தில் அதிகம் அலட்டிக்கொள்ளாதது இதுதான். அகாசிஸி, போரெல்லி என்று வேறு பெயர் சொல்லி யாராவது கொடுத்தால் இப்போது வேண்டாம். முன்னது சுண்ணாம்பு குறைந்த மென்மையான தண்ணீர்தான் கேட்கும். பின்னது குளிர் விரும்பி, நம் கோடையில் திணறும். காக்கட்டூவில் ஒரு ஆணுக்கு ஒன்று அல்லது இரண்டு பெண் வைக்கலாம். இரண்டு ஆண் இந்த அளவுத் தொட்டியில் கூடவே கூடாது. கடையில் நிறம் காட்டுகிறவை எல்லாம் ஆண். பெண் சின்னதாக, மங்கலான மஞ்சளாக மூலையில் ஒதுங்கி நிற்கும். "அதுவும் வேணும்" என்று கேட்டு வாங்கவேண்டும்.

உங்கள் தொட்டியில் கணக்குப்படி எழுபது லிட்டர், மணலும் மேலிடமும் போக அறுபது லிட்டர்தான் நிற்கும். ஆனால் குட்டை சிக்லிட்டுக்கு லிட்டர் கணக்கைவிடத் தரைக்கணக்கு முக்கியம். அது அடித்தளத்தில் வாழ்கிற மீன். இரண்டு சதுர அடித் தரை என்பது ஒரு குடும்பத்துக்குத்தான். அதனால் ராமும் வாங்கி, அப்பிஸ்டோவும் வாங்கி, எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு கிரிப்பும் போடுகிற ஆசையை விட்டுவிடுங்கள். கோரிடோராஸ் இரண்டுக்கும் அதே தரைதான். அவை கூட்டமாக வாழ்கிறவை, இரண்டாக வைப்பது அவற்றுக்கும் சுகமில்லை, சிக்லிட் முட்டை போட்டால் இருட்டில் போய்த் தின்றும்விடும். பெரிய தொட்டி வைத்திருக்கிற நண்பரிடம் கொடுத்துவிடுங்கள். கப்பிகள் மேல்மட்டத்தில் இருப்பதால் பாதகமில்லை. மேலே ஏதோ ஒரு சின்னக் கூட்டம் பயமில்லாமல் நீந்தினால்தான் சிக்லிட்டும் ஒளியாமல் வெளியே வரும்.

ஒளிய இடம் கட்டாயம். காக்கட்டூவுக்குக் குகை வேண்டும், அதற்குள்தான் முட்டையை ஒட்டும். கடையில் விற்கிற பிளாஸ்டிக் கோட்டைக்குக் காசைப் போடாதீர்கள். சுத்தமாக நார் எடுத்துக் கொதிக்கவைத்த அரைச் சிரட்டையில் விளிம்பைக் கொஞ்சம் உடைத்துக் கவிழ்த்தால் வேலை முடிந்தது. என் புறவாசல் தொட்டிகளில் காருகுறிச்சிச் சின்னக் கலயங்களைப் படுக்கவைத்திருக்கிறேன். எங்கள் வீட்டில் அதற்காக இன்னும் பேச்சு வாங்கிக்கொண்டுதான் இருக்கிறேன். பூச்சு, பெயின்ட் இல்லாத வெறும் சுட்ட மண்ணாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். குகை வாசல்கள் ஒன்றையொன்று பார்க்காமல் நடுவில் ஒரு கட்டையோ செடியோ மறைக்கட்டும். பார்க்காத எதிரியோடு மீன் சண்டை போடாது. பொலிவியன் ராம் குகை கேட்காது, தட்டையான கல் ஒன்று போதும். காய்ந்து உதிர்ந்த வாதாம் இலை இரண்டு, மூன்றைப் போடுங்கள். தண்ணீர் டீ நிறத்துக்கு வரும். பயப்பட வேண்டாம், இந்த மீன்களுக்கு அது பிடிக்கும். மருந்து தெளித்த மரத்து இலை மட்டும் கூடாது.

கோடையில் தொட்டி 30-ஐத் தாண்டினால் மூடியைத் திறந்து நீர்மட்டத்தின் மேல் ஒரு சின்ன ஃபேன் காற்று படும்படி வையுங்கள், இரண்டு டிகிரி குறையும். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு, அதனால் ஸ்பாஞ்ச் ஃபில்டரை எந்நேரமும் நிறுத்த வேண்டாம். மாநகராட்சித் தண்ணீரைக் குழாயிலிருந்து நேரே ஊற்றக் கூடாது. வாளியில் ஏர் ஸ்டோன் போட்டு ஒரு நாள் வைத்தால் குளோரின் போய்விடும். வாரம் கால் பங்கு மாற்றினால் போதும்.

*என் வீட்டுக்காரர் ஆசையாக நான்கு நீல ராம் வாங்கி வந்தார். பத்து நாளில் ஒவ்வொன்றாகப் போய்விட்டது. தொட்டி புதிது. போர் தண்ணீர், பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிற தண்ணீர். நாங்கள் சிக்லிட் வளர்க்கவே முடியாதா அண்ணாச்சி?*
– வாசகி, வள்ளியூர்

தாராளமாக வளர்க்கலாம் தங்கச்சி. ராம்தான் வளர்க்க முடியாது.

உங்கள் பக்கத்தில் தொட்டிக்கு வருவது நாம் உப்புத் தண்ணி என்று சொல்கிற தண்ணீர். கால்சியமும் மக்னீசியமும் நிறைந்தது. பருப்பு வேகாத, சோப்பு நுரைக்காத தண்ணீரில் ராமை விடாதீர்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வேன், இதற்கு டெஸ்ட் கிட் கூட வேண்டாம். டிடிஎஸ் மீட்டர் மொத்த உப்பை மட்டும் காட்டும், அதில் எவ்வளவு சுண்ணாம்பு என்று பிரித்துச் சொல்லாது. தண்ணீரின் கடினத்தை அளக்கிற ஜிஎச் சொட்டு மருந்து ஒன்று வாங்கிப் பார்த்தால் நிச்சயமாகத் தெரியும். 10-க்குக் கீழே இருந்தால் ராமைப் பற்றி யோசிக்கலாம்.

இன்னொன்று, தொட்டி புதிது என்று எழுதியிருக்கிறீர்கள். மீன் கழிவிலிருந்து அமோனியா வரும். அதைத் தின்று நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியா ஃபில்டரில் குடியேற நான்கு, ஐந்து வாரம் பிடிக்கும். அதுவரை அமோனியா தண்ணீரிலேயே நிற்கும். ஆனால் அதன் விஷம் எல்லாத் தண்ணீரிலும் ஒன்றில்லை. 28 டிகிரியில், பிஎச் (தண்ணீரின் அமில, கார அளவு) 7 என்றால் மொத்த அமோனியாவில் ஒரு சதவீதத்துக்கும் குறைவாகத்தான் விஷ வடிவில் இருக்கும். பிஎச் 8 என்றால் அது ஆறு, ஏழு சதவீதம். பத்து மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. சுண்ணாம்புச் சத்துள்ள போர் தண்ணீரில் பிஎச் 8 பக்கம் நிற்பது சகஜம். ஆற்றுத் தண்ணீர்க்காரர் புதுத்தொட்டியில் செய்கிற அவசரம் தப்பித்துப்போகும், வள்ளியூரில் அதே அவசரம் மீனைக் கொன்றுவிடும். உங்கள் வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லுங்கள், மீன் வாங்கியதற்குக் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

உங்களுக்கு ஏற்றது கிரிபென்சிஸ். மேற்கு ஆப்பிரிக்கா, நைஜீரியா பக்கத்து மீன். ஆண் 10 சென்டிமீட்டர், பெண் 7. பெண்ணின் வயிறு கத்தரிப்பூவும் சிவப்பும் கலந்த நிறம். சிக்லிட்டில் பெண் இவ்வளவு அழகாக இருப்பது அபூர்வம். ஓரளவு உப்புத் தண்ணீரில் வளர்ந்து குஞ்சும் பொரிக்கும். தண்ணீர் மிகவும் மோசமென்றால் வீட்டு ஆர்.ஓ. தண்ணீரைப் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள், கடினம் பாதியாகிவிடும். வெறும் ஆர்.ஓ. மட்டும் ஊற்றக் கூடாது. மாடித் தொட்டிக்கு வைக்கிற சாஃப்ட்னர் இயந்திரத் தண்ணீரும் உதவாது. அது கால்சியத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சோடியத்தை வைக்கிறது. திருச்செந்தூரில் பொறுக்கின சிப்பி, சங்கு, மார்பிள் சில்லு எதுவும் உள்ளே வேண்டாம், இருக்கிற சுண்ணாம்பு போதும். ஒரு கல்லில் சந்தேகம் என்றால் எலுமிச்சைச் சாறோ வினிகரோ விட்டுப் பாருங்கள், நுரைத்தால் தொட்டிக்கு ஆகாது.

மூன்றடித் தொட்டிக்கு மாறுகிற நாள் வந்தால் ஆரஞ்சு குரோமைடு என்று கேட்டுப் பாருங்கள். இந்தியாவில் இயற்கையாகவே இருக்கிற சிக்லிட் மொத்தம் மூன்றுதான். அதில் ஒன்று கேரளத்துக்காரர்கள் வறுத்துச் சாப்பிடுகிற கரிமீன். ஆரஞ்சு குரோமைடு அதன் குட்டை உறவு, 8 சென்டிமீட்டர் வளரும். தமிழ்நாடு, கேரளம், இலங்கைக் கழிமுகங்களில் உண்டு. அதனால் உப்பைக் கண்டு அஞ்சாது. குஞ்சுகள் தாய் தகப்பன் உடம்பில் ஊறுகிற வழவழப்பைக் கொத்தித் தின்று வளரும். பக்கத்திலேயே இப்படி ஒன்றை வைத்துக்கொண்டு நாம் ஓரினோகோவுக்குப் பணம் அனுப்புகிறோம்.

*சிக்லிட் என்றால் ஜிலேபிக் கெண்டை என்று என் நண்பன் சொல்கிறான். நிஜமா?*
– வாசகர், சங்கரன்கோவில்

நிஜம். 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபியும் சிக்லிட் குடும்பம்தான். ஏஞ்சல், ஆஸ்கர், ஃப்ளவர்ஹார்னும் அதே. குடும்பம் ஒன்று என்பதற்காக ஏஞ்சலை இரண்டடித் தொட்டியில் போட்டுவிடாதீர்கள்.

*மாமா, நான் ஒன்பதாம் வகுப்பு. ஆற்றில் அழகான மீன் நிறைய இருக்கிறது. அதையே பிடித்து ராமோடு விடலாமா? காசும் மிச்சம்.*
– மாணவி, அம்பாசமுத்திரம்

ஆற்றைக் கவனித்துப் பார்க்கிறாயே, அதற்கே ஒரு சபாஷ். ஆனால் பிடிக்காதே மகளே. தாமிரபரணிக்கென்றே ஒரு கெண்டை இருக்கிறது, தாவ்கின்சியா தாம்பிரபர்ணியெய் என்று பெயர். ஆற்றின் பெயரையே அதற்கு வைத்து 1954-ல் விவரித்தவர் இ. ஜி. சைலாஸ். அழியும் நிலையில் இருக்கிற மீன் பட்டியலில் அது இருக்கிறது. குட்டியில் எது அது, எது சாதாரணக் கெண்டை என்று கண்டுபிடிப்பது பெரியவர்களுக்கே கஷ்டம். தவிர, ஆற்றுக் கெண்டை ராமைவிட இரண்டு மடங்கு வளரும், விடிந்து அடைவது வரை ஓடிக்கொண்டே இருக்கும். ஒதுங்கி வாழ்கிற ராம் அதனிடம் ஒரு துணுக்கு இரை வாங்க முடியாது. ஆற்று மீனோடு ஒட்டுண்ணியும் சேர்ந்து வரும்.

அதைவிட முக்கியம், தொட்டி மீன் எதையும் ஆற்றிலோ வாய்க்காலிலோ விடாதே. வளர்க்க முடியவில்லையென்றால் கடையில் திருப்பிக் கொடு, தெரிந்தவர்களுக்குக் கொடு. யாரோ ஒருவர் பாவம் என்று விட்ட சக்கர் மீன் இன்று எத்தனையோ குளங்களில் நிறைந்து கிடக்கிறது.

*கிரிப் ஜோடி முட்டை போட்டது. மறுநாளிலிருந்து ரம்மிநோஸ் எல்லாம் ஒரு மூலையில் ஒடுங்கி நிற்கின்றன. இரண்டில் வால் கிழிந்திருக்கிறது. சாது மீன் என்றுதானே எல்லோரும் சொன்னார்கள்? தொட்டி இரண்டரை அடி.*
– வாசகர், தென்காசி

சாதுதான். பிள்ளை பிறந்த வீட்டில் அந்தப் பேச்சு செல்லாது. கிரிப் முட்டை குகைக்குள் மூன்று நாளில் பொரியும். அதன்பின் ஒரு வாரத்துக்குள் குஞ்சு நீந்தத் தொடங்கும். அப்போது தாயும் தகப்பனும் பாதித் தொட்டிக்கு வேலி போடுவார்கள். இப்போது நடப்பது ஆரம்பம்தான்.

ரம்மிநோஸை வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். இடமில்லையென்றால் துளைபோட்ட தடுப்பு ஒன்றை நடுவில் வையுங்கள், குகை ஒரு பக்கம், கூட்டம் மறுபக்கம். குகையைத் தூக்கி வெளியே வைப்பதால் பயனில்லை, அடுத்த கல்லடியில் போடும். குஞ்சு வேண்டாம், கூட்டம்தான் வேண்டும் என்றால் ஜோடியைப் பிரித்து ஒற்றை மீனாக வையுங்கள். கூட்டுத் தொட்டியில் கிரிப்பை முதலிலேயே ஒற்றையாக வைக்கச் சொல்வது இதற்காகத்தான். கடைக்காரர் ஜோடியாகத்தான் தருவேன் என்றால் வேறு கடை பாருங்கள்.

குஞ்சுகளைக் காப்பாற்றி வளர்த்தால் ஒன்றைக் கவனியுங்கள். கிரிப்பில் ஆண், பெண் விகிதம் தண்ணீரைப் பொறுத்து மாறும், அமிலத் தண்ணீரில் ஆண் அதிகம் வரும். தென்காசியில் சாரல் காலத்தில் தொட்டி 25-க்கு இறங்கும், குஞ்சு இருக்கும்போது ஹீட்டரை 27-ல் வைத்துவிடுங்கள்.

*உலர் தீனி போட்டால் காக்கட்டூ துப்புகிறது. வேறு என்ன கொடுக்க?*
– வாசகி, ஸ்ரீவைகுண்டம்

உயிர்த்தீனி ருசி கண்ட மீன் அப்படித்தான் துப்பும். ஆர்டீமியா (பொடி இறால் மாதிரி ஒரு உயிர்) முட்டை ஒரு சிட்டிகை வாங்கி, உப்புக் கரைத்த தண்ணீரில் காற்றடித்து வைத்தால் ஒரு நாளில் பொரியும். உங்களுக்குப் பக்கத்தில் தூத்துக்குடி உப்பளங்களிலேயே ஆர்டீமியா உண்டு. ஆனால் வீட்டுக்கு டப்பா முட்டை வசதி. உறைய வைத்த ரத்தப்புழு வாரம் இரண்டு தடவை, அதற்கு மேல் வேண்டாம், வயிறு உப்பும். கொசுப்புழு நல்ல தீனி, வடிகட்டி அன்றன்றைக்கே கொடுத்துத் தீர்க்க வேண்டும். அதற்கென்று மொட்டை மாடியில் வாளி வைத்தால் சுகாதார ஆய்வாளர் வந்து அபராதம் எழுதுவார், அவர் எழுதுவதும் சரிதான். உயிர்த்தீனியோடு நல்ல நைசான உருண்டைத் தீனியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பழக்குங்கள். மேலே கப்பி எல்லாவற்றையும் முடித்துவிடுகிறது என்றால், நீளமான குழாய் வழியாகத் தீனியை நேரே சிரட்டை வாசலில் இறக்குங்கள்.